சக்கரவர்த்தினி என்றொரு பட்டம்

காங்கேயம், தாராபுரம், பல்லடம் பகுதிகளில் பழமையான குடும்பங்கள் பலவற்றில், பெட்டியின் அடியில் துணியில் முடிந்து வைத்த வெள்ளி ரூபாய்கள் சில இன்றும் இருக்கக் காணலாம். 'ராணித்தலை ரூபாய்' என்று அவற்றைப் பாட்டிமார் அழைப்பர். ஒரு தோலா எடையுள்ள அந்த வெள்ளி நாணயத்தின் ஒருபுறம் விக்டோரியா மகாராணியாரின் முகமும், அதனருகே ஆங்கில எழுத்துக்களில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். அத்தகைய நாணயங்கள் இரண்டு மூன்று கிடைத்தால், அவற்றை அருகருகே வைத்துப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். 1862 முதல் 1876 வரையிலான ஆண்டுகளின் நாணயங்களில் 'விக்டோரியா குவீன்' என்றிருக்கும். 1877-ஆம் ஆண்டு நாணயத்திலிருந்து 'விக்டோரியா எம்ப்ரஸ்' என்று மாறியிருக்கும். அரசி, பேரரசியாகிவிட்டார். ஒரு சொல்தான் மாறியிருக்கிறது. ஆனால் அச்சொல் மாறிய ஆண்டு, நமது கொங்கு நாட்டார் எளிதில் மறக்கக்கூடாத ஆண்டாகும்.

ஆங்கிலேய அரச குடும்பத்தாருக்குப் பட்டங்கள் பல. அவற்றுள் நம்மைப் பெரிதும் தொட்டது 'இந்தியச் சக்கரவர்த்தினி', 'இந்தியச் சக்கரவர்த்தி' என்னும் பட்டமே. அதனைத் தாங்கியவர்கள் மொத்தம் ஐவர். அது பிறந்தது 1876-இல், மறைந்தது 1948-இல். மன்னர் பட்டங்களின் கணக்கில் இஃது அற்பாயுள்தான்.

பட்டம் பிறந்த கதை

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி நீக்கப்பட்டு, இந்தியா நேரடியாக ஆங்கில முடியின் கீழ் வந்தது. 1858 நவம்பர் 1-ஆம் நாள் அரசியாரின் பிரகடனம் நாடெங்கும் வாசிக்கப்பட்டது. முகலாயர் வழியின் கடைசி மன்னரான பகதூர் ஷா இரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862-இல் அங்கேயே உயிர் துறந்தார். டில்லியில் சக்கரவர்த்தி என்று சொல்லத்தக்கவர் எவருமில்லை. விக்டோரியாவோ இந்தியாவை ஆண்டாரேயன்றி, இந்தியாவின் பெயரால் அவருக்குத் தனிப் பட்டம் ஏதும் அப்போது இல்லை.

இந்தக் குறை அரசியாரின் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது என்று அவரைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர் கூறுவர். அதற்குக் குடும்பக் காரணமும் ஒன்றுண்டு. அவருடைய மூத்த மகள் ஜெர்மனியின் பட்டத்து இளவரசரை மணந்தவர். 1871-இல் ஜெர்மன் பேரரசு நிறுவப்பட்டபோது, ஒருநாள் மகள் பேரரசியாவதும், தாய் வெறும் அரசியாகவே இருப்பதும் உறுதியாயிற்று. 1874-இல் இரண்டாவது மகன், ரஷ்யச் சக்கரவர்த்தியின் மகளை மணந்தார். சக்கரவர்த்தியின் மகளுக்கு முதலிடமா, அரசியின் மகள்களுக்கா என்ற சச்சரவு அரண்மனைக்குள் எழுந்தது. விருந்தில் யார் முன்னே செல்வது, யார் பின்னே செல்வது என்பதிலிருந்து எழும் மனத்தாங்கல் கல்யாண வீடுகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் அறிகிறோம்.

அப்போது பிரதமராயிருந்தவர் பெஞ்சமின் டிஸ்ரேலி. அரசியாரின் மனமறிந்து நடப்பவர்; கிழக்கு நாடுகளின் பொலிவில் மோகம் கொண்டவர். 1875-இல் சூயஸ் கால்வாயின் பங்குகளை ஆங்கில அரசுக்காக வாங்கியவரும் அவரே. அவ்வாண்டின் இறுதியில் பட்டத்து இளவரசர் இந்தியச் சுற்றுப்பயணம் மேற்கொண்டார். கொழும்பிலிருந்து தூத்துக்குடியில் இறங்கித் திருச்சி வழியாகச் சென்னை சேர்ந்தார். 1876 பிப்ரவரியில் அரச பட்டங்கள் மசோதாவை டிஸ்ரேலி பாராளுமன்றத்தில் கொணர்ந்தார்.

எதிர்ப்பு பலமாக எழுந்தது. 'சக்கரவர்த்தி' என்னும் சொல்லே ஆங்கிலேயருக்குப் பிடிக்கவில்லை. அது கொடுங்கோலரின் பெயர், மக்கள் மன்றத்திற்குக் கட்டுப்பட்ட மன்னருக்கு அடுக்காது என்று கிளாட்ஸ்டன் முதலியோர் வாதிட்டனர். இறுதியில், இப்பட்டம் இந்தியாவுக்கே உரியது, இங்கிலாந்துக்குள் வழங்கப்படாது என்று அரசாங்கம் வாக்களித்த பின்னரே, 1876 ஏப்ரலில் சட்டம் நிறைவேறிற்று. தங்களுக்கு ஆகாத பெயர் நம்மவர்க்கு ஆகும் என்று அவர்கள் எண்ணியதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த வாக்கும் நெடுநாள் நிற்கவில்லை. 1893-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் நாணயங்களிலேயே 'இந்தியப் பேரரசி' என்பதன் இலத்தீன் சுருக்கம் இடம்பெறலாயிற்று.

கைசர் நொய்யலாற்றங்கரைக்கு முன்பே வந்தவர்

பட்டத்தை இந்திய மொழிகளில் எப்படிச் சொல்வது? 'பாதுஷா' என்றால் முகலாயர் நினைவு வரும். வடமொழிப் பெயரொன்றைச் சூட்டினால் முஸ்லிம் மன்னர்கள் மனங்கோணுவர். லாகூர் அரசாங்கக் கல்லூரியின் தலைவராயிருந்த லைட்னர் என்னும் மொழியறிஞர் 'கைசர்-இ-ஹிந்த்' என்ற பெயரைப் பரிந்துரைத்தார். கீழ்நாட்டார் உரோமைப் பேரரசரைக் குறிக்க நெடுங்காலமாக வழங்கிவந்த சொல் கைசர். கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றிய துருக்கிய சுல்தான் 'கைசர்-இ-ரூம்' என்று தம்மை அழைத்துக்கொண்டார். அவர்களுக்கெல்லாம் முன்பே, குஷாண மன்னர் கனிஷ்கரின் பெயர் தாங்கிய ஆரா கல்வெட்டிலும் 'கைசர' என்ற பட்டம் காணப்படுகிறது. ஜெர்மானியரின் கைசரும், ரஷ்யரின் சாரும், உரோமையரின் சீசர் என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

இங்கே நமது ஊரைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. சீசரின் பெயர் கொங்கு நாட்டுக்கு 1877-இல் புதிதாக வந்ததன்று. கோவைக்கு அருகிலுள்ள வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட உரோமை வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அதே ஊரில் பின்னரும் புதையல்கள் கிட்டின. பொள்ளாச்சியிலும், திருப்பூர்ப் பக்கத்துக் கத்தாங்கண்ணியிலும் இத்தகைய காசுகள் வெளிப்பட்டன. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் நோக்கிச் சென்ற பெருவழி நொய்யலாற்றை ஒட்டியே சென்றது. அவ்வழியிலுள்ள கொடுமணலில் மணிகள் செய்யும் தொழில் நடந்ததை அகழ்வாராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். மணிக்கும் மிளகுக்கும் விலையாக வந்தவை அந்தக் காசுகள். அவற்றில் மிகுதியானவை அகுஸ்து சீசர், திபேரியு சீசர் ஆகிய இருவர் உருவம் பொறித்தவை.

திபேரியு சீசர் யாரென்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. வரி செலுத்தலாமா என்று சூழ்ச்சியாய்க் கேட்டவர்களிடம், ஒரு நாணயத்தைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள உருவம் யாருடையது என்று ஆண்டவர் வினவியபோது, உரோமையில் அரியணையில் இருந்தவர் அவர்தாம். யெருசலேமில் அன்று காட்டப்பட்டது போன்ற காசுகள்தாம் நொய்யல் பள்ளத்தாக்கின் மண்ணிலும் கிடந்திருக்கின்றன. அந்தக் கைசர் நம் நாட்டை ஆளவில்லை. அவருடைய காசு நம் பொருளுக்கு விலையாக வந்தது. பிந்திய கைசரோ வரி வாங்க வந்தவர். இந்த வேறுபாடு சிறிதன்று.

டில்லியில் திருவிழா, தெற்கே தாது வருடம்

புதிய பட்டத்தை இந்தியாவில் அறிவிக்க, வைஸ்ராய் லிட்டன் பிரபு டில்லியில் மாபெரும் தர்பார் ஒன்றைக் கூட்டினார். 1876 டிசம்பர் 23-ஆம் நாள் யானைமீது வெள்ளி அம்பாரியில் அவர் நகர்வலம் வந்தார். 1877 ஜனவரி 1-ஆம் நாள், 63 சமஸ்தான மன்னர்களும் பல்லாயிரக்கணக்கான விருந்தினரும் படைவீரரும் கூடியிருக்க, நெடிதுயர்ந்த படையதிகாரி ஒருவர் பட்டப் பிரகடனத்தை ஆங்கிலத்தில் வாசித்தார். பின்னர் அது உருதுவில் வாசிக்கப்பட்டது. 101 குண்டுகள் முழங்கின. பத்து வயதுச் சிறுவரான ஐதராபாத் நிஜாமும், பதின்மூன்று வயதினரான மைசூர் இளவரசரும் அங்கே அமர்ந்திருந்தனர். ஒவ்வொரு மன்னருக்கும் ஐரோப்பியப் பிரபுக்களின் பாணியில் சின்னம் தீட்டிய பட்டுக் கொடியும் பொற்பதக்கமும் வழங்கப்பட்டன. காட்சியை ஓவியமாகத் தீட்ட அழைக்கப்பட்ட பிரின்செப் என்ற ஆங்கில ஓவியருக்கே அந்தப் பகட்டு அருவருப்பைத் தந்தது.

அன்றிரவு விண்ட்சர் அரண்மனையில் விக்டோரியா அரசியார் இந்திய மன்னர்கள் அளித்த நகைகளையெல்லாம் அணிந்து விருந்துக்கு வந்தாராம். தம் கையொப்பத்தில் 'அரசி' என்ற எழுத்தோடு 'பேரரசி' என்ற எழுத்தையும் அவர் சேர்த்துக்கொண்டார்.

அதே நாளில் சென்னை மாகாணத்தின் நிலை என்ன?

1876-ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருடம். பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோயமுத்தூர் முதலிய மாவட்டங்களில் கம்பும் சோளமும் ராகியும் கருகிப்போயின. கிணறுகள் வற்றின, கால்நடைகள் மாண்டன. காளைகளுக்குப் பெயர்பெற்ற காங்கேய நாட்டில் அந்த இழப்பு எத்தகையது என்பதை உழவர் குடியில் பிறந்தோர் உணர்வர். எறும்புப் புற்றைக் கிளறித் தானியம் பொறுக்கிய கதையையும், கற்றாழைக் கிழங்கை வேகவைத்துத் தின்ற கதையையும் முன்னோர் சொல்லக் கேட்டவர்கள் நம்மிடையே பலருண்டு. 'தாது வருடப் பஞ்சம்' என்ற பெயர் இன்றளவும் கொங்கு மக்கள் நாவில் நிற்கிறது.

1862-லேயே இருப்புப்பாதை திருப்பூர் வழியாக ஓடிற்று. ஆகவே தானியத்தைக் கொண்டுவர வழியில்லாமலில்லை. வந்த தானியத்தை வாங்கக் கூலிக்காரன் கையில் காசில்லை. விலையோ இரண்டு மூன்று மடங்கு ஏறிற்று. வணிகத்தில் அரசாங்கம் தலையிடலாகாது என்பது லிட்டன் பிரபுவின் கொள்கை. பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறிக்கொண்டே இருந்தது. சென்னைக் கவர்னர் பக்கிங்காம் கோமகனோ டில்லி தர்பாரில் இருந்தார். டில்லி விழா நடந்த நாட்களில் சென்னையிலும் மைசூரிலுமாக ஒரு லட்சம் பேர் பசியால் மாண்டிருக்கலாம் என்று அக்கால மதிப்பீடொன்று கூறுகிறது. அந்த எண்ணை எவரும் தலை எண்ணிச் சரிபார்க்கவில்லை. ஆயினும் விழாவும் சாவும் ஒரே வாரத்தில் நிகழ்ந்தன என்பதில் ஐயமில்லை.

ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்னும் அதிகாரியைச் சென்னை மாகாணத்துக்கு வைஸ்ராய் அனுப்பினார். நிவாரணச் செலவைக் குறைப்பதே அவருக்கிட்ட பணி. நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் கூலியைக் குறைத்தார். பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. ஒரு இராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவானது. கல்லுடைப்பதும் மண் சுமப்பதுமாய் நாள் முழுதும் வெயிலில் உழைத்த உடலுக்கு இது போதுமா? போதாது என்று துணிந்து சொன்னவர் ஒருவர் இருந்தார். மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ், குறைந்தது ஒன்றரை இராத்தல் தானியமும், அதனுடன் பருப்பும் காய்கறியும் தந்தாலன்றி உழைப்பவன் மெல்லச் சாவான் என்று எழுத்து மூலம் வாதாடினார். அவரும் ஆங்கிலேயர், அரசாங்க ஊழியர் என்பதை நன்றியோடு நினைக்கிறோம். அவர் விடாது போராடியதன் பயனாக அந்த மார்ச்சில் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. சிறிது பருப்பும் சேர்க்கப்பட்டது. சென்னையில் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்ட கால்வாய்ப் பகுதி கவர்னரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என்று வழங்குவதை வாசகர்கள் அறிவர்.

1877-இல் தென்மேற்குப் பருவமழை மீண்டும் ஏமாற்றியது. பசியை அடுத்துக் காலராவும் அம்மையும் காய்ச்சலும் வந்தன. 1878-இல்தான் நாடு மூச்சுவிட்டது. பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோயிலும் இந்தியாவில் மாண்டவர் ஐம்பது லட்சத்துக்குக் குறையார் என்பது பொதுவான கணிப்பு. அதனினும் மிகுதி என்பாரும் உளர். நம் கோயமுத்தூர் மாவட்டத்தில் 1871-இல் ஏறத்தாழ 17½ லட்சமாயிருந்த மக்கள்தொகை, 1881-இல் ஏறத்தாழ 16½ லட்சமாகக் குறைந்தது. பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய தொகை ஒரு லட்சம் குறைந்ததென்றால், எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்பதை நாமே எண்ணிக்கொள்ளலாம். 'எம்ப்ரஸ்' என்று பொறித்த முதல் ரூபாய்கள் கொங்கு நாட்டுக்குள் வந்தது அந்த நாட்களில்தான்.

டில்லி தர்பாரைப் பற்றி மற்றொரு செய்தியையும் திருப்பூரார் அறிந்திருத்தல் நலம். பட்டும் பீதாம்பரமும் மின்னிய அந்தக் கூட்டத்தில், புனே சார்வஜனிக சபையின் பிரதிநிதியாகக் கணேச வாசுதேவ ஜோஷி என்பவர் கையால் நூற்ற கதர் உடையில் வந்து நின்றார். ஆங்கிலேயக் குடிமக்கள் அனுபவிக்கும் உரிமையை இந்தியருக்கும் தரவேண்டுமென்று கேட்டது அவர் கொணர்ந்த மனு. காந்தியடிகளுக்கு அப்போது வயது ஏழு.

பின்வந்த நால்வர்

விக்டோரியா இந்தியாவுக்கு வந்ததேயில்லை. முதிய வயதில் இந்தியப் பணியாளர் ஒருவரிடம் இந்துஸ்தானி எழுதப் படிக்கக் கற்றார்; நாட்டை மட்டும் பார்க்கவில்லை. 1901 ஜனவரி 22-இல் அவர் இறந்தபின் ஏழாம் எட்வர்ட் பட்டமேற்றார். 1903 ஜனவரி 1-ஆம் நாள் கர்சன் பிரபு டில்லியில் அவர் பெயரால் தர்பார் நடத்தினார். சக்கரவர்த்திக்குப் பதிலாக அவருடைய தம்பி வந்தார். நம் தமிழிலும் 'சக்கரவர்த்தினி' என்ற சொல் அக்காலத்தில் நன்கு வேரூன்றியிருந்தது. பாரதியார் 1905-இல் ஆசிரியராயிருந்த பெண்கள் மாத இதழின் பெயரும் அதுவே.

சக்கரவர்த்தியாக இந்திய மண்ணை மிதித்தவர் ஐந்தாம் ஜார்ஜ் ஒருவரே. 1911 டிசம்பர் 12-ஆம் நாள் டில்லி தர்பாரில் அவரும் மேரி அரசியாரும் வீற்றிருந்தனர். இங்கிலாந்தின் முடியை நாட்டுக்கு வெளியே எடுத்துச்செல்ல மரபு இடந்தராமையால், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வைரங்கள் பதித்த புதிய முடியொன்று அதற்கெனவே செய்யப்பட்டது. அதன் பாரத்தால் தலை வலித்ததென்று மன்னரே தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதன்பின் எந்த மன்னரும் அதைச் சூடியதில்லை. அது லண்டன் கோபுரத்தில் காட்சிப் பொருளாயிருக்கிறது. அவ்வாண்டு வந்த ரூபாயில் வேடிக்கை ஒன்று நிகழ்ந்தது. மன்னரின் அங்கியிலிருந்த யானை உருவம் துதிக்கை குட்டையாக அமைந்து பன்றி போலத் தோன்றியதால், முஸ்லிம் மக்கள் மனம் புண்பட்டனர். அந்த ரூபாய் நிறுத்தப்பட்டு, மறு ஆண்டு யானை திருத்தமாகப் பொறிக்கப்பட்டது. 1911-ஆம் ஆண்டு ரூபாய் வைத்திருப்போர் உற்றுப் பார்க்கலாம்.

பொதுத்தொண்டு செய்தோருக்கென 1900-இல் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் ஏற்படுத்தப்பட்டது. தோனாவூரில் அனாதைக் குழந்தைகளைக் காத்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1919-இல் அதனைப் பெற்றார். பெறத் தயங்கியே பெற்றார். தென்னாப்பிரிக்காவில் செய்த மனிதநேயப் பணிக்காகக் காந்தியடிகளுக்கு 1915-இல் தங்கப்பதக்கம் கிடைத்தது. 1920 ஆகஸ்டில் அவர் அதைத் திருப்பியனுப்பி, ஒத்துழையாமையைத் தொடங்கினார். கதர் இயக்கம் நாடெங்கும் பரவியபோது, சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூரே தலைமை இடமாயிற்று. இன்றைய பனியன் நகரம் அன்று கதர் நகரமாயிருந்தது. 1932 ஜனவரி 10-ஆம் நாள், சென்னிமலை நெசவுக் குடும்பத்தில் பிறந்த குமரன், தடை செய்யப்பட்ட கொடியை ஏந்தித் திருப்பூர் வீதியில் சென்றார். தடியடியில் வீழ்ந்தும் கொடியை விடாதிருந்து, மறுநாள் உயிர்நீத்தார். அப்போது சக்கரவர்த்தி ஐந்தாம் ஜார்ஜ்.

அடுத்த எட்டாம் எட்வர்ட் 1936-இல் ஓராண்டுகூட நிறைவுறாமல் முடிதுறந்தார். அவர் உருவம் பொறித்த ரூபாய் நம் நாட்டில் புழக்கத்துக்கு வரவேயில்லை. பின் ஆறாம் ஜார்ஜ் வந்தார். அவரே கடைசிச் சக்கரவர்த்தி.

இங்கே மற்றொரு பட்டத்தையும் குறிப்பிடல் தகும். 'விசுவாசப் பாதுகாவலர்' என்பதும் ஆங்கில மன்னரின் பட்டமே. மார்ட்டின் லூத்தரை மறுத்து ஏழு திருவருட்சாதனங்களைப் பற்றி எட்டாம் ஹென்றி நூலெழுதியதற்காக, பாப்பரசர் பத்தாம் சிங்கராயர் 1521-இல் அதை அவருக்கு அளித்தார். பின்னர் ஹென்றி திருச்சபையை விட்டுப் பிரிந்தபோது உரோமை அதைத் திரும்பப் பெற்றது. ஆயினும் 1544-இல் அவருடைய பாராளுமன்றம் அதையே அவருக்குச் சட்டமாக்கிக் கொடுத்தது! கொடுத்தவர் பறித்த பின்னும் பெற்றவர் விடாத பட்டம் அது. இந்திய ரூபாயில் அது இடம்பெறவில்லை. இங்கிலாந்தின் காசுகளில் அதன் இலத்தீன் சுருக்கத்தை இன்றும் காணலாம்.

1947-ஆம் ஆண்டு இந்திய சுதந்திரச் சட்டத்திலேயே, 'இந்தியச் சக்கரவர்த்தி' என்ற சொற்களை மன்னர் பட்டத்திலிருந்து நீக்க ஒப்புதல் தரப்பட்டது. விடுதலை வந்த அந்த ஆகஸ்டில், ஆறாம் ஜார்ஜ் தம் தாயார் மேரி அரசியாருக்கு எழுதிய மடலில், கையொப்பத்தின் கடைசி எழுத்து காணப்படவில்லை. டில்லி தர்பாரில் கணவரோடு வீற்றிருந்த அம்மூதாட்டி, அந்த எழுத்தில்லாமல் மகன் எழுதிய முதல் கடிதம் இதுவென்றும், இது மிகவும் வருத்தத்துக்குரியதென்றும் உறையின்மேல் குறித்துவைத்தார்.

முறைப்படியான அறிவிப்பு 1948 ஜூன் 22-இல் வெளியாயிற்று. அதற்கு முந்திய நாள், திருச்செங்கோட்டருகே ஆசிரமம் அமைத்துக் கதர் வளர்த்த இராஜாஜி, இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்றிருந்தார். 1949-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் காசுகளிலிருந்து இந்தியாவைக் குறித்த எழுத்துக்கள் மறைந்தன. நமது நாட்டில் மன்னர் தலை பொறித்த காசுகள் மேலும் சிறிது காலம் கைமாறிக்கொண்டிருந்தன. அசோகரின் சிங்கங்கள் பொறித்த நாணயங்கள் 1950 ஆகஸ்ட் 15-ஆம் நாள் வெளிவந்தன.